முடிவுறா எண்ணை முழுதாக எழுதுவது குறித்து

1

பிரதிநிதித்துவம் என்ற சொல்லை நாம் இலக்கியத்திலும் அரசியலிலும் போதுமான அளவுக்குத் தேய்த்தாயிற்று. ஒரு குறி தான் குறிக்கும் பொருளை எவ்வளவு தூரம் தாங்கும், அர்த்தம் எங்கே போய் நிற்கும் என்றெல்லாம் பேசிப் பேசி, கடைசியில் 'எல்லாமே உத்தேசந்தான்' என்ற இடத்தில் வந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டோம். இந்தச் சௌகரியத்தைக் கலைக்கிற சங்கதி ஒன்று கணிதத்திலிருந்து வந்து சேர்ந்தது. கணிதம் எனக்குத் துறையல்ல, பள்ளிக்கூடத்தோடு விட்டது. படித்தது தமிழ் எம்.ஏ. ஆனால் இந்தச் சங்கதி எழுத்தைப் பற்றியது, பெயரிடுவதைப் பற்றியது. அதனால் இதில் தலையிட எனக்கும் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

அக்கா மகன் பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தவன் ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தான். 2இன் வர்க்கமூலத்தை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கும்படி பைத்தான் மொழியில் எழுதியிருந்தான். விடை 2 வரவேண்டும். திரையில் வந்தது 2.0000000000000004. 'மெஷினுக்கே கணக்கு வரல, பாருங்க மாமா' என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிழை சின்னது என்பது சரிதான். ஆனால் அது பிழை என்பதற்கு அங்கே ஒரு தடயமும் இல்லை. 'சுமார்' என்றோ 'ஏறக்குறைய' என்றோ ஒரு வார்த்தை கிடையாது. பதினேழு இலக்கம், சாட்சிக் கூண்டில் சத்தியம் செய்கிற தோரணையில் நிற்கிறது. என்னைத் தொந்தரவு செய்தது அந்தத் தோரணை. தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லும் எழுத்து ஒன்று, தெரியாததைத் தெரியாது என்றே சொல்லும் எழுத்து ஒன்று என்று இரண்டு வகை உண்டு என்றால், கணினிக்குள்ளும் இந்த இரண்டாம் வகை சாத்தியமா? கணினி விஞ்ஞானத்தில் இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றை ஒரு இலக்கிய வாசகனாக வாசித்துப் பார்க்கும் முயற்சிதான் இது.

2

பக்கம் 1 அளவுள்ள ஒரு சதுரம். அதன் மூலைவிட்டத்தின் நீளம் √2. கோடு கண்ணுக்கு முன்னால் முழுசாக இருக்கிறது. தொடக்கமும் முடிவும் உள்ள கோடு. அதை எண்ணால் சொல்லப் போகும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. அதை ஒரு பின்னமாக, இனிச் சுருக்க முடியாத பின்னமாக எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 2 என்றால் மேலே இருக்கிற எண் இரட்டைப்படை ஆகவேண்டும். மேலே இரட்டைப்படை என்றால் கீழே இருப்பதும் இரட்டைப்படை ஆகித் தீரவேண்டும். அப்புறம் எப்படி அது சுருக்க முடியாத பின்னம்? ஆக, எந்த இரண்டு முழு எண்களின் விகிதமும் அந்தக் கோட்டைத் தொடாது.

இப்படிப்பட்ட எண்ணுக்கு மொழிகள் வைத்த பெயர்களைப் பார்த்தால் அவை பட்ட பாடு தெரிகிறது. கிரேக்கத்தில் ஒரு சொல் 'சொல்லொணாதது' என்று பொருள்படும். அரபியில் 'செவிடு' என்றார்கள்; அது அப்படியே லத்தீனுக்குப் போனது. தமிழில் நிதானமாக 'விகிதமுறா எண்' என்கிறோம். அறிவுக்கு ஒவ்வாதது என்ற பழியை இந்தப் பெயர் அதன்மேல் சுமத்தவில்லை. விகிதம் ஆகாது, அவ்வளவுதான். நம் ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் வர்க்கமூலக் குறி நீங்காத இத்தகைய எண்களுக்கு 'முறுடு' என்று பெயர். அதைக் கேட்கும்போதெல்லாம் கோடாலிக்கு மசியாத மரக்கணு எனக்கு ஞாபகம் வரும்.

இதில் யூக்ளிட் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. அவருடைய பத்தாம் நூலில், ஒரு கோட்டின் நீளம் விகிதத்துக்கு வராவிட்டாலும் அதன் வர்க்கம் வருமானால் அந்தக் கோட்டையும் 'சொல்லக்கூடியது' என்ற வகையில் சேர்த்துவிடுகிறார். இந்தக் கணக்கில் சதுரத்தின் மூலைவிட்டம் சொல்லக்கூடியதுதான். அதை நேராகச் சொல்லமுடியாது. அதன்மேல் நிற்கும் சதுரத்தைச் சொன்னால் போதும். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்திய இந்தத் தந்திரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம். கணினி மறுபடியும் இதனிடம்தான் வந்து நிற்கப்போகிறது.

3

முதலில் அந்த 2.0000000000000004 எங்கிருந்து வந்தது? இன்று புழக்கத்தில் உள்ள கணினிகள் பெரும்பாலும் 1985இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 என்ற தரத்தின் வழியில் பின்ன எண்களை எழுதுகின்றன. வழக்கமாக ஓர் எண்ணுக்கு 64 பிட் இடம். அதில் எண்ணின் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். தசமத்தில் சொன்னால் பதினைந்து பதினாறு இலக்கம். இந்த இடத்துக்குள் அடங்காத எதையும் வெட்டி, பக்கத்தில் உள்ள எண்ணாக மாற்றிவிடுவார்கள்.

மருமகன் √2 என்று கேட்டபோது கணினி எடுத்து வைத்தது 6369051672525773ஐ 4503599627370496ஆல் வகுத்தால் வரும் எண். அதாவது ஒரு பின்னம். விகிதமுறா எண் வரவேண்டிய இடத்தில் ஒரு விகிதம் வந்து, அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இந்த எழுத்துமுறையில் எழுதக்கூடிய எண்கள் எல்லாமே பின்னங்கள்தாம். விகிதமுறா எண் ஒன்றுகூட அந்த ஊரில் குடியிருக்க முடியாது. யாரோ ஒருவர் இன்னொருவருக்காகப் பேசுவது மட்டுமல்ல இது. பேசப்படுபவர் ஒருபோதும் உள்ளே வரமுடியாத சபையில் அவருக்காகப் பேசுவது.

இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் அல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையை அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு அமைப்பு மறிக்கத் தவறியது. 28 அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணிக்கொண்டிருந்தது. அதை விநாடியாக்க 1/10ஆல் பெருக்க வேண்டும். 1/10 விகிதமுறு எண்தான். ஆனால் கணினியின் இரண்டடிமான எழுத்தில் அது முடிவதில்லை, தசமத்தில் 1/3 முடியாததுபோல. 24 பிட்டில் அதை வெட்டி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் விட்டுப்போனது விநாடியில் ஒரு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அமைப்பு சுமார் 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்ததால் அது சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆயிற்று. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தேடிய இடத்தில் ஏவுகணை இல்லை. திருத்தப்பட்ட நிரல் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

வெட்டி எழுதுவதே குற்றம் என்று இதிலிருந்து முடிவுகட்ட நான் தயாரில்லை. கோள்களுக்கிடையே விண்கலங்களை ஓட்டும் கணக்குக்கு நாசாவின் ஆய்வகம் பையின் மதிப்பைப் பதினைந்து தசம இடங்களோடு நிறுத்திக்கொள்கிறது. அது போதுமானதாகவும் இருக்கிறது. வெட்டலாம். வெட்டிய தழும்பை மறைப்பதுதான் பிரச்சினை. 499இல் ஆரியபட்டர் 20000 விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு 62832 என்று சொன்னபோது 'ஆசன்ன', அதாவது 'நெருங்கியது' என்ற சொல்லையும் கூடவே வைத்தார். நாங்கள் பள்ளிக்கூடத்தில் பை = 22/7 என்று சமக்குறி போட்டு எழுதித்தான் மார்க் வாங்கினோம். மூன்றாம் தசம இடத்திலேயே பிசகுகிற சமன்பாடு அது. இடையில் எங்கேயோ அந்த ஒரு சொல் தொலைந்துபோனது.

4

சரி, வெட்டாமல் எழுத வழி உண்டா? உண்டு. ஒன்றல்ல, குறைந்தது மூன்று.

முதல் வழி, குறியைக் குறியாகவே விட்டுவிடுவது. 3 + 2√2 என்ற எண்ணை (3, 2) என்ற ஜோடியாகக் கணினியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே முழு எண்கள், ஒன்றையும் வெட்டவேண்டியதில்லை. கூட்டும்போது முதலோடு முதல், இரண்டாவதோடு இரண்டாவது. பெருக்கும்போது √2ஐ √2 சந்திக்கும் இடத்தில் எல்லாம் 2 என்று போட்டுக்கொண்டால் தீர்ந்தது. (1, 1)ஐ அதனாலேயே பெருக்கினால் (3, 2) வரும், பிசிறு கிடையாது. √2இன் மதிப்பு என்னவென்றே இங்கே யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அது மற்றவற்றோடு எப்படி உறவாடுகிறது என்பது மட்டும் தெரிந்தால் போதும். குறிக்கு உள்ளீடு எதுவும் இல்லை, உறவுகள் மட்டுமே உண்டு என்று அமைப்பியல்காரர்கள் சொன்னது நினைவுக்கு வந்தால் அது தற்செயல் அல்ல.

ஆனால் இங்கேயே அமைப்பியலின் ஓட்டையும் தெரிகிறது. வர்க்கம் 2 ஆகும் எண்கள் இரண்டு: ஒன்று 1.414 பக்கம், இன்னொன்று பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம், −1.414இல். உறவுகளை மட்டும் பார்த்தால் இந்த இரட்டைப் பிறவிகளைப் பிரித்தறிய வழியே இல்லை. ஒன்று கீழ்ப்படிகிற விதிகளுக்கெல்லாம் மற்றதும் கீழ்ப்படிகிறது. ஆகவே இரண்டாம் வழி: பெயரோடு விலாசத்தையும் சேர்த்து எழுதுவது. 'வர்க்கம் 2 ஆகும் எண், 1க்கும் 2க்கும் நடுவில் இருப்பது.' இப்போது ஆள் ஒருவர்தான், சந்தேகமில்லை. கணினி இயற்கணிதத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள்: முழு எண்கெழுக்கள் உள்ள ஒரு சமன்பாடு, அதன் ஒரே ஒரு தீர்வு மட்டும் இருக்கும் ஓர் இடைவெளி. நேராகச் சொல்லமுடியாததை அதன் வர்க்கத்தால் சொல்லலாம் என்ற யூக்ளிட்டின் தந்திரம் வேறு உடுப்பில் வந்திருக்கிறது.

இந்த எழுத்தில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. இரண்டு பெயர்கள் ஒரே ஆளைக் குறிக்கின்றனவா என்று எப்போதும் தீர்ப்புச் சொல்ல முடியும். √10 + √11 ஒரு பக்கம், √5 + √18 ஒரு பக்கம். மூன்று தசம இடத் திருத்தமாக எழுதினால் இரண்டும் 6.479. அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும் இவை வேறு வேறு எண்கள். மாறாக √2 + √3 என்பதும், 5 + 2√6இன் வர்க்கமூலம் என்பதும் பார்வைக்கு எட்டாத தூரம். ஆனால் ஒரே எண். இலக்கங்களைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பெயரை விசாரித்துச் சொல்லலாம்.

பை இந்த வலையில் விழாது. முழு எண்கெழுக்கள் உள்ள எந்தச் சமன்பாட்டுக்கும் அது தீர்வாகாது என்று 1882இல் லிண்டமன் நிறுவிவிட்டார். அதற்குத்தான் மூன்றாம் வழி: எண்ணை ஒரு வாக்குறுதியாக எழுதுவது. 1936இல் ஆலன் டூரிங் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பே கணிக்கத்தக்க எண்களைப் பற்றியது. கணினி என்ற கருத்து அந்தக் கேள்வியின் பக்கவிளைவாகப் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். அவருடைய பார்வையில் இப்படிப்பட்ட எண் என்பது ஒரு நிரல். அது இலக்கங்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகும். இதையே, 'எவ்வளவு நெருக்கம் வேண்டும்?' என்று கேட்கும் நிரலாகவும் அமைக்கலாம். கேட்ட நெருக்கத்துக்குள் ஒரு பின்னத்தைத் தரும். இன்னும் நெருக்கம் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் வேலை செய்து தரும். √2க்கு இது ஐந்தாறு வரி: 1க்கும் 2க்கும் நடுவில் பாதியை எடு, வர்க்கம் 2ஐத் தாண்டுகிறதா பார், தாண்டினால் இந்தப் பாதி, இல்லையென்றால் அந்தப் பாதி, திரும்பச் செய். பிரதி ஐந்தாறு வரியில் முடிந்துவிடுகிறது, வாசிப்பு முடிவதில்லை. ஆனாலும் எந்த வாசகர் எப்போது வந்து கேட்டாலும் ஆயிரமாவது இலக்கம் ஒன்றுதான்.

இடையில் ஒன்று சொல்லவேண்டும். √2இன் தசம இலக்கங்களில் ஓர் ஒழுங்கும் தெரியாது. அதையே தொடர் பின்னமாக எழுதினால் 1, 2, 2, 2, 2 என்று முடிவில்லாமல் இரண்டுகளாகவே வரும். ஒரு குழந்தைகூட மனப்பாடம் சொல்லிவிடலாம். இந்தத் தொடர் பின்னங்களை வைத்தே கூட்டல் பெருக்கல் செய்யும் முறையை 1972இல் பில் காஸ்பர் எழுதிக் காட்டினார். ஒழுங்கின்மை எண்ணுடையது என்று நினைத்திருந்தோம். பத்தடிமான எழுத்தினுடையது அது.

5

இவ்வளவும் கிடைத்தபிறகு விலை என்ன என்று கேட்க வேண்டும். விலை இருக்கிறது. வாக்குறுதியாக எழுதப்பட்ட இரண்டு எண்கள் சமமா என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

டூரிங்குக்கே இந்த இடத்தில் சறுக்கியது. 0.333… என்று ஒரு நிரல் எழுதுகிறது, 0.666… என்று இன்னொன்று. இரண்டையும் கூட்டி எழுதவேண்டும். முதல் எழுத்தாக 0 போடுவதா, 1 போடுவதா? நிரல்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவருக்கு இது தீராத சங்கடம். கோடி இலக்கம் பார்த்தும் 999… என்றே வந்துகொண்டிருக்கும். அடுத்த இலக்கம் எந்தப் பக்கம் சாய்க்கும் என்று சொல்ல முடியாது. 1937இல் வெளியிட்ட திருத்தத்தில் டூரிங் தசம இலக்கங்களைக் கைவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் இடைவெளிகளால் எண்ணைச் சொல்லும் முறைக்கு மாறினார். அது டச்சுக் கணிதவியலாளர் பிரௌவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. எல்லைகள் கறாராக இருந்தால் எழுதவே முடியாது. எல்லைகள் கொஞ்சம் கலந்துகிடந்தால்தான் கறாராக எழுத முடியும்.

சமத்துவச் சிக்கலுக்கு ஓர் உதாரணம். 2ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்று 1742இல் கோல்ட்பாக் ஊகித்தார். 4க்குப் பின் 18 பூஜ்யம் போட்டால் வரும் எண் வரைக்கும் கணினியில் சோதித்தாயிற்று. நிரூபணம் மட்டும் இல்லை. இப்போது ஒரு எண்ணைச் செய்வோம். 0 என்று தொடங்கிப் புள்ளி வைத்து, இரட்டைப்படை எண்களை வரிசையாகச் சோதித்து, ஊகம் சரியாக வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு 0 எழுதவேண்டியது. பிழைத்தால் 1 எழுதி நிறுத்திவிடவேண்டியது. இதை √2ஓடு கூட்டுவோம். வருவது துல்லியமான எண்; எந்த இலக்கத்தைக் கேட்டாலும் நிரல் தரும். அது √2ஏதானா, இல்லை வேறு ஆளா? யாருக்கும் தெரியாது. கோல்ட்பாக்கின் ஊகம் தீர்ந்தால்தான் இது தீரும். அந்த ஒன்றைத் தீர்த்தாலும் அதேபோல இன்னொன்றைச் செய்யலாம். எல்லாவற்றையும் தீர்க்கும் ஒரே நிரல் கிடையாது என்பதற்கு வேண்டியது டூரிங்கின் அந்த 1936 கட்டுரையிலேயே இருக்கிறது.

53 பிட்டில் வெட்டி எழுதும் கணினியிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 'சமம்' என்று சொல்லிவிடும். வாக்குறுதியால் எழுதும் கணினி சொல்லாது. 'இதுவரை வித்தியாசம் இல்லை, இன்னும் பார்க்கிறேன்' என்பதற்கு மேல் அதற்குச் சொல்லத் தெரியாது. முதலாவதை வேகமானது, இரண்டாவதை மந்தமானது என்று வர்ணிப்பது பொறியாளர் வழக்கம். அந்த அளவில் சரிதான். ஆனால் வாசகனாக எனக்கு இரண்டாவதன் மௌனம் அறிவுள்ள மௌனமாகத் தோன்றுகிறது. தனக்குத் தெரிந்ததன் விளிம்பு எங்கே என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

இது ஆய்வேட்டோடு நின்றுவிடவில்லை. 2015 முதல் ஆண்ட்ராய்ட் கைப்பேசிகளில் வந்த கால்குலேட்டருக்குள் ஹான்ஸ் போயம் இந்த வாக்குறுதி எண்களை வைத்தார். 1980களிலிருந்தே அவர் இதில் உழைத்துவந்தவர். அதில் √2 போட்டுவிட்டு விரலால் தள்ளினால் இலக்கங்கள் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் அவர், முடிகிற இடத்தில் பெயரையும் விகிதத்தையும் கொண்டு சமத்துவத்தைத் தீர்ப்பது, முடியாத இடத்தில் வாக்குறுதியோடு நிற்பது என்று வழிகளைச் சேர்த்துக்கட்டி, 2020இல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். காய்கறிக் கணக்குப் போடுகிறவர் கையில் இருக்கும் கருவிக்குள்ளே இவ்வளவு கறார்.

6

'எல்லாமே உத்தேசந்தான்' என்று சொல்லி உட்கார்ந்துகொண்ட நம்மிடம் இப்போது திரும்பலாம். அர்த்தம் முடிவில்லாமல் தள்ளிப்போகிறது என்பதை நாம் பெரும்பாலும் ஒரு சலுகையாகப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். முடிவில்லை, ஆகவே எந்த வாசிப்பும் செல்லும், யாரும் யாருக்கும் பதில் சொல்லவேண்டியதில்லை என்று. √2 இதை அனுமதிக்காது. அது முடிவதில்லை, ஆனாலும் அதன் ஒவ்வொரு இலக்கமும் தீர்மானமானது, எதைக் கேட்டாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. முடியாமல் இருப்பது வேறு, பொறுப்பில்லாமல் இருப்பது வேறு. துல்லியம் என்பது முழுவதையும் எழுதி முடித்துவிடுவதல்ல. எழுதியது எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்து எழுதுவது, மேலே கேட்டால் மேலே போகத் தயாராக இருப்பது.

இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது; அதை மறைத்தால் நானும் வெட்டி எழுதியவன் ஆவேன். நிரல் என்பது முடிவுள்ள எழுத்துவரிசை. அப்படிப்பட்டவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திவிடலாம். மெய்யெண்களை அப்படி வரிசைப்படுத்த முடியாது என்று 1874இல் கேன்டர் காட்டிவிட்டார். ஆகவே மிகப் பெரும்பாலான விகிதமுறா எண்களுக்கு எந்த நிரலும் இல்லை, எந்த வாக்குறுதியும் இல்லை. √2, பை, அவற்றின் உறவுக்காரர்கள் எல்லாம் பெயர் கிடைத்த சொற்பப் பேர். நாம் 'சரியாகப் பிரதிநிதித்துவப்படுத்தினோம்' என்று சொல்லும்போதெல்லாம் பெயரே கிடைக்காத இந்தப் பெருங்கூட்டம் வெளியே நிற்கிறது. அதற்காகப் பேசுகிறேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அது நிற்கிறது என்று சொல்லலாம்.

மருமகன் ஊருக்குப் போகும் முன்னால் அந்த நிரலைத் திருத்திக் காட்டினான். ஜோடி எண் முறையில் எழுதியிருந்தான். √2ஐ √2ஆல் பெருக்கினால் (2, 0) வந்தது. 'இப்ப கரெக்டா மாமா?' என்றான். கரெக்டுதான். 'பை போட்டுக் காட்டு' என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, 'அது இதுல வராது மாமா, வேற மாதிரிதான் எழுதணும். இன்னும் தெரியல' என்றான்.

முதல் நாள் மெஷின் சொல்லாத வார்த்தை அது.